தோட்டத்துக் கதைக்கு ஓர் அடிக்குறிப்பு

யட்டியாந்தோட்டைக்கு ஒரு காலத்தில் ரயில் போனது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப யோசிப்பார்கள். கொழும்பிலிருந்து கிளம்பிய களனிவெளி ரயில்பாதை 1902இல் அவிசாவளையைத் தொட்டது. 1903இல் யட்டியாந்தோட்டை வரை நீண்டது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்தது. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே இரண்டரை அடிதான் அகலம். அந்தச் சின்ன ரயிலில்தான் சப்ரகமுவத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டியும் இறப்பர் பொதியும் கொழும்புக்கு இறங்கின. யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது.

நான் இப்போது வரிசையாக ஐந்து ஆண்டுகளைச் சொன்னேன். "இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று உங்களில் ஒருவர் கேட்டால், கேட்டவருக்கு நான் நன்றி சொல்வேன். வானொலிப் பேச்சு காற்றோடு போய்விடும், கேட்டவர் மறுபடி புரட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இதையே விக்கிப்பீடியாவில் யட்டியாந்தோட்டை என்ற பக்கத்தில் எழுதினால், ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண் நிற்க வேண்டும். அந்த எண்ணைத் தொட்டால் பக்கத்தின் அடிக்குப் போக வேண்டும். அங்கே எந்த நூல், யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்ற விவரம் இருக்க வேண்டும். இதைத்தான் அடிக்குறிப்பு என்கிறோம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், காசு இல்லை. அதை ஆரம்பத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். கனடா இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. அந்த ஆரம்ப நாள்களில் வரிக்கு வரி சான்று காட்டும் வசதி மென்பொருளில் இல்லை. கட்டுரையின் அடியில் 'உசாத்துணை' என்று தலைப்பிட்டு நான்கைந்து நூல்களின் பெயரைப் போடுவார்கள். எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். 2005 இறுதியில்தான் அந்தந்த வரிக்கு அந்தந்தச் சான்றைக் கோக்கும் வசதி விக்கி மென்பொருளுக்கு வந்தது. எண்ணைத் தானே இடும், நடுவில் ஒன்றைச் செருகினால் மற்ற எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை, தோட்டத்துக்கும் இதற்கும் என்ன என்று நினைப்பீர்கள். சான்று என்ற ஒன்றின் கனம் நம் மக்களுக்குத் தெரிந்த அளவு இந்த நாட்டில் வேறு எவருக்கும் தெரியாது என்று துணிந்து சொல்வேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளையின் பிறப்பை மருத்துவச்சி அறிவாள், லயமே அறியும். பதிவேடு அறியாது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறகு 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேறினான், தம்பி கொழுந்து மலையில் நின்றான். கடைசிவரை நாடற்றவராக மிஞ்சியவர்களுக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது.

காகிதம் இல்லாததால் நாட்டையே இழந்த மக்களைப் பற்றி எழுதும்போது, காகிதத்தைக் காட்டாமல் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. நம்மைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்க வேண்டும். அது இன்னொருவர் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆதாரமாகவும் இருக்க வேண்டும். சப்ரகமுவைக்கு இது இரட்டிப்புத் தேவை. மலையகம் என்றதும் எழுதுகிறவர்களின் கண் நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்கும் போய்விடுகிறது. இறக்குவானையும் காவத்தையும் தெரணியகலையும் புளத்கொஹுபிட்டியவும் ஓரத்தில் நிற்கின்றன. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1977, 1981, 1983 வன்முறைகளில் இந்தப் பக்கத்து லயங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் தேடினால் கிடைக்கும் எழுத்து கொஞ்சம். கொஞ்சமாக இருக்கும்போது ஒருவர் அரும்பாடுபட்டுத் தேடிய சான்று அவரோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்தவருக்கும் அது கைகொடுக்க வேண்டும்.

இங்கேதான் சான்றை மீளப் பயன்படுத்தும் முறை வருகிறது. ஒரு பக்கத்தில் ஒரே நூலை ஏழு இடத்தில் காட்ட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஏழு தடவையும் முழு விவரத்தையும் எழுதினால் அடியில் ஒரே நூல் ஏழு வரியாகக் கிடக்கும். ஓரிடத்தில் 1983 என்றும் இன்னோரிடத்தில் 1938 என்றும் எழுத்துப் பிசகும் வரும். அதற்குப் பதில், முதல் தடவை முழு விவரத்தையும் எழுதி அதற்கு ஒரு சிறு பெயர் சூட்டிவிடலாம். பிறகு அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும். தோட்டத்துச் செக்ரோலை, அந்தப் பெயர்ப் பதிவேட்டை, நினைத்துப் பாருங்கள். ஆளின் பெயரும் விவரமும் ஒரு தடவை பதிவாகும், அதன்பின் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் நம்பரைச் சொன்னால் கணக்கு சரியான ஆளின் பேரில் விழும். அதே ஏற்பாடுதான் இதுவும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரத்தினபுரி மாவட்டம் என்ற பக்கத்தைத் திருத்துகிறீர்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணை உங்கள் கையில் இருக்கிறது. 'தொகு' என்பதைத் தொடுகிறீர்கள். மொத்த மக்கள் தொகையைச் சொல்லும் வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விரலை வைத்து, மேலே இருக்கும் மேற்கோள் பொத்தானை அழுத்துகிறீர்கள். மூன்று வழி காட்டும். இணைய முகவரியை ஒட்டினால் தானே நிரப்பும் வழி ஒன்று. நூல், பத்திரிகை, இணையதளம் என்று வகையைத் தெரிவுசெய்து நாமே நிரப்பும் வழி இன்னொன்று. ஏற்கனவே இந்தப் பக்கத்தில் உள்ள சான்றையே எடுத்துக்கொள்ளும் வழி மூன்றாவது. முதல் தடவை நாமே நிரப்புகிறோம்: திணைக்களத்தின் பெயர், அட்டவணையின் தலைப்பு, ஆண்டு, முகவரி, அதை நாம் பார்த்த தேதி. அடுத்து இனவாரியான எண்ணிக்கை வரும் வாக்கியம், அதற்கடுத்து சமயவாரியான எண்ணிக்கை. அதே அட்டவணைத் தொகுதியிலிருந்து எடுத்தவை என்றால் மூன்றாவது வழியைத் தொட்டு, பட்டியலில் அதையே தெரிவுசெய்தால் போதும். அடியில் சான்று ஒன்றுதான் நிற்கும். அதன் முன்னால் 1.0, 1.1, 1.2 என்று சிறு எண்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் அது தாங்குகிற வாக்கியத்துக்கு நம்மைத் திரும்பக் கொண்டுபோகும்.

குடிசன மதிப்பீட்டையே உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 'இந்தியத் தமிழர்' என்று நம்மைத் தனியாகப் பிரித்து எண்ணத் தொடங்கியது 1911இல். 1971இல் நாடு முழுவதிலும் அந்தப் பிரிவில் 11 லட்சத்து 74 ஆயிரம் பேர். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம். 1971க்குப் பின் பத்தே ஆண்டில் மூன்றரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? பெரும்பகுதி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு. இன்னொரு பகுதி எங்கேயும் போகவில்லை. 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டத் தமிழர் எத்தனை பேர் என்று ஒருவர் எழுதும்போது, எந்த ஆண்டு, எந்தப் பிரிவின் கீழ் எண்ணியது என்ற அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அந்த எண் நம்மைக் குறைத்துக் காட்டும் கருவியாகிவிடும். எண்ணைத் திருத்துவதை விட, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது பெரிய காரியம்.

மீளப் பயன்படுத்தும்போது சில இடங்களில் கால் வழுக்கும். சான்றுக்குச் சூட்டிய பெயர் அந்த ஒரு பக்கத்துக்குள் மட்டுமே செல்லும். இரத்தினபுரி மாவட்டப் பக்கத்தில் சூட்டிய பெயரைக் கேகாலை மாவட்டப் பக்கத்தில் போட்டால் வேலை செய்யாது, சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். அங்கே முழு விவரத்தையும் ஒரு தடவை கொண்டுபோய் ஒட்ட வேண்டும். இன்னொன்று, முழு விவரம் இருக்கும் பந்தியை யாராவது நீக்கிவிட்டால், அந்தப் பெயரை நம்பியிருந்த மற்ற இடங்கள் எல்லாம் அநாதையாகிவிடும். பந்தியை நீக்கும் முன் அதில் சான்றின் மூலம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட்டு நீக்குங்கள்.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள், யாராவது வந்து திருத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒரு வாக்கியத்தின் முடிவில் நல்ல சான்று நிற்கிறது. பிறகு ஒருவர் வந்து அந்த வாக்கியத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் தனக்குத் தெரிந்த இன்னொரு வாக்கியத்தைச் செருகிவிட்டுப் போகிறார். பார்ப்பவருக்கு அந்தப் புதிய வாக்கியமும் சான்றோடு இருப்பது போலவே தெரியும். நூலைத் திறந்தால் அது அங்கே இருக்காது. மூல ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டிய பாவம் இது. ஆகவே இருக்கிற சான்றை எடுத்துக் கோக்கும் முன், அந்தப் பக்கத்தை நீங்களே ஒரு தடவை திறந்து படித்துவிடுங்கள். படிக்காத நூலைச் சான்று காட்டாதீர்கள்.

பக்க எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' 2014இல் வெளிவந்தது. 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷி கும்மி' முதலான பழைய ஏடுகளைத் தேடி ஆராய்ந்த நூல். மலையக இலக்கியம் பற்றிய எத்தனையோ கட்டுரைகளுக்கு அது சான்றாகும். ஆனால் "பார்க்க: கூலித்தமிழ்" என்று மட்டும் போட்டால் படிப்பவர் முழு நூலையும் புரட்ட வேண்டும். ஒரே நூலின் வேறு வேறு பக்கங்களைக் காட்ட வேண்டியிருந்தால், நூலின் முழு விவரத்தை அடியில் ஒரு பட்டியலில் வைத்துவிட்டு, அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்று சுருக்கமாகக் கொடுங்கள். பெயரை எழுதும்போதும் கவனம் வேண்டும். மேற்கோள் படிவத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். அது வெள்ளைக்காரர் பெயருக்குச் செய்த கட்டம். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரை இரண்டாக வெட்டி அதற்குள் போட வேண்டியதில்லை. ஆசிரியர் என்ற ஒரே கட்டத்தில் நாம் சொல்கிறபடி எழுதலாம், அதற்கு இடம் இருக்கிறது.

சரி, நம் பக்கத்துச் சான்றுகளை எங்கே தேடுவது? முதலில் நூலகம் நிறுவனத்தின் இணையதளத்தைச் சொல்வேன். 2005இல் தொடங்கி இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், மலர்களை எண்ணிமமாக்கி இலவசமாகத் தருகிறார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்து ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலான நாட்டில் இது எவ்வளவு பெரிய தொண்டு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் உண்டு, அதையும் அடிக்குறிப்பில் சேர்க்கலாம். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனால் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். பாராளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சாட் இருக்கிறது.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு சான்று, பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கை. 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பலாங்கொடை, காவத்தை, கேகாலை, களனிவெளி என்ற பெயர்களிலேயே கம்பனிகள் இருக்கின்றன. தோட்டம் எத்தனை ஹெக்டயார், தேயிலை எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்ற விவரங்களை இத்தகைய அறிக்கைகளில் தேடலாம். பரப்பளவுக்கு அதைச் சான்று காட்டுங்கள். தொழிலாளரின் வாழ்வு எப்படி இருக்கிறது என்பதற்கு அது மட்டும் போதாது. அது கம்பனி தன்னைப் பற்றித் தானே சொல்வது. தொழிற்சங்க வெளியீட்டுக்கும் இதே அளவுகோல்தான்.

செய்தித்தாளைச் சான்று காட்டும்போது தேதி முக்கியம். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மாதம் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து மக்கள் மாண்டார்கள். இப்படியான அழிவுகளில் முதல் நாள் பத்திரிகையில் வரும் எண்ணிக்கை ஒன்று, சில வாரம் கழித்து அதிகாரிகள் உறுதிசெய்யும் எண்ணிக்கை வேறு. முதல் நாள் செய்தியை மட்டும் கோத்துவிட்டுப் போனால், தவறான எண் சான்றோடு நிலைத்துவிடும். இறந்தவர்களின் கணக்கில் அலட்சியம் கூடாது. பின்னால் வந்த அறிக்கையைத் தேடி அதையும் சேருங்கள். இணையச் செய்தியின் முகவரிகள் சில ஆண்டில் செத்துப்போகின்றன. ஆகவே இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் கூடவே கொடுங்கள்.

இனிக் கடினமான கேள்வி. நம் வரலாற்றில் பாதி எந்தத் தாளிலும் இல்லை. இருள் பிரியும் முன் பால் வெட்டப் போனவர்கள், ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சேர்த்தவர்கள், மாசி மாதம் காமன் ஊன்றிக் கூத்தாடியவர்கள் சொன்னால்தான் உண்டு. "என் பாட்டி சொன்னார்" என்று விக்கிப்பீடியாவில் சான்று போட முடியாது. ஏனென்றால் படிப்பவர் உங்கள் பாட்டியிடம் போய்க் கேட்க முடியாது. இந்தக் குறை நமக்கு மட்டும் இல்லை. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் முன்னின்று, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளில் மக்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாக வைக்க முயன்றார்கள். அந்த முயற்சி பற்றிய ஆவணப்படமும் உண்டு. வாய்மொழியை ஏற்பதா என்ற விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை. என் கட்சி, ஏற்க வேண்டும் என்பதுதான். ஆனால் ஏற்கும்படி நாம் முதலில் ஆவணமாக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் பேச்சை அவர் சம்மதத்தோடு பதிவுசெய்து, நாளும் இடமும் குறித்து, யாரும் கேட்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நூலகம் நிறுவனத்தின் 'ஆவணகம்' பல்லூடகப் பதிவுகளுக்கென்றே இருக்கிறது. பிறகு கட்டுரையில் "இவர் இவ்வாறு நினைவுகூர்கிறார்" என்று அவர் வாய்மொழியாகவே எழுதலாம். பொது உண்மையாக நிறுவ வேண்டுமானால் வேறு சான்றும் சேர வேண்டும்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தோட்டப் பாடசாலைக்கு ஆண்டு விழா மலர் போட்டிருப்பார்கள். மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் போட்டிருப்பார்கள். அதில் தலைமையாசிரியரோ பழைய கணக்கப்பிள்ளையோ தோட்டத்தின் பிறப்பு, முதல் கங்காணிகள், கோயில் எழும்பிய கதை என்று மூன்று பக்கம் எழுதியிருப்பார். அது அச்சில் வந்த எழுத்து. அதற்கு ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, பக்கம் உண்டு. பெரிய வரலாற்று நூலுக்கு இருக்கும் வலு அதற்கு இருக்காது. ஆனால் இந்தப் பாடசாலை எப்போது தொடங்கியது, முதல் கட்டடம் எங்கே நின்றது என்பதற்கு அதைவிடக் கிட்டிய சான்று வேறு கிடைக்காது. அப்படி ஒரு மலர் வீட்டில் இருந்தால், அட்டையையும் உள் தலைப்புப் பக்கத்தையும் அச்சக விவரம் இருக்கும் பக்கத்தையும் கட்டுரைப் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்க எண் தெரியும்படி எடுங்கள். நூலகம் நிறுவனத்துக்கு எழுதி, வெளியிட்டவர்களின் அனுமதியோடு அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது ஏறிய பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, 'சான்று தேவை' என்று யாராவது குறித்து வைத்திருக்கும் வரியைத் தேடி, அதன் பின்னால் அந்த மலரைக் கோத்து ஒரு பெயர் சூட்டிவிடுங்கள். பெயரை எவருக்கும் விளங்கும்படி, மலரின் தலைப்பும் ஆண்டும் சேர்த்து வையுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்.